இருவர் ஒத்துக்கொண்ட விதி

சதுரங்கத்துக்கு உலகெங்கும் ஒரே விதிதான் என்பதை இன்று பெரும்பாலோர் கேள்வியின்றி ஏற்கிறார்கள். 64 கட்டம், பக்கத்துக்கு 16 காய், எதிரியின் ராஜாவை மடக்கினால் வெற்றி. சென்னையில் ஆடினாலும் ஓஸ்லோவில் ஆடினாலும் இதில் மாற்றம் கிடையாது. ஆனால் லிசெஸ் போன்ற இணையதளத்தில் நண்பர் ஒருவரை ஆட அழைக்கும்போது, அழைப்பு போகும் முன்பே எந்த வகை ஆட்டம் என்று நாம் தேர்ந்துகொள்ளலாம். வழக்கமான செஸ்ஸா, பின்வரிசைக் காய்களைக் கலைத்துப்போட்டு ஆடும் செஸ் 960-ஆ, வெட்டிய காயைத் தன் காயாக இறக்கிக்கொள்ளும் கிரேசிஹவுஸா, எல்லாக் காய்களையும் இழப்பவரே வெல்லும் ஆன்டிசெஸ்ஸா? ஜப்பானியச் சதுரங்கமான ஷோகிக்கு உரிய லிஷோகி தளத்திலும் இதே தேர்வு உண்டு: 9×9 பலகையா, 5×5 சிறு பலகையா, 12×12 கட்டங்களில் ஆடும் சூ ஷோகியா? இந்தத் தேர்வைப் பலரும் பொழுதுபோக்குக்குக் கிடைத்த கொசுறாகவே பார்க்கிறார்கள். இந்தக் கட்டுரையின் வாதம் வேறு. ஒரே சீரான விதி, முன்பின் தெரியாதவர்கள் மோதுவதற்காக உருவானது. அதற்கு அது இன்றியமையாதது. ஒருவரையொருவர் அறிந்த இருவருக்கு அந்தச் சீர்மை கட்டாயமில்லை. விதியைத் தங்களுக்குள் பேசி முடிவுசெய்து ஆடுவதே சதுரங்கக் குடும்பத்தின் நீண்டகால வழக்கம். நண்பர்கள் இணையத்தில் மாற்று ஆட்டங்களை ஆடும்போது அந்த வழக்கம்தான் திரும்பி வருகிறது. அதற்குத் தொழில்நுட்பம் தரும் உதவியையும் அது போடும் எல்லையையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

வரலாற்றிலிருந்து தொடங்கலாம். வட இந்தியாவில் 6-ஆம் நூற்றாண்டளவில் உருப்பெற்றதாகக் கருதப்படும் சதுரங்கம் பாரசீகம் வழியாக அரபு உலகுக்கும் அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் போனது. போன இடமெல்லாம் விதி மாறியது. அரபு ஷத்ரஞ்சில் இன்றைய ராணியின் இடத்தில் நின்ற காய் மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம் நகரும். மந்திரியின் இடத்தில் நின்ற காய் மூலைவாட்டில் இரண்டாம் கட்டத்துக்குத் தாவும், அவ்வளவுதான். 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் இந்த இரண்டு காய்களும் பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பாயும் வலிமை பெற்றன. அதற்குப் பிறகும் விதி ஒன்றாகிவிடவில்லை. செக் இல்லாமல், நகர்த்தவும் வழியில்லாமல் எதிரியை முடக்கினால் இன்று ஆட்டம் டிரா. 17, 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலோ அப்படி முடக்கியவரே தோற்றவராகக் கொள்ளப்பட்டார். கோட்டை கட்டும்போது ராஜாவும் யானையும் எந்தக் கட்டங்களில் போய் நிற்கலாம் என்பதில் இத்தாலியர்கள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை தங்கள் வழக்கத்தையே வைத்திருந்தார்கள். மியான்மரின் சிட்டுயினில் தொடக்கத்தில் சிப்பாய்கள் மட்டுமே பலகையில் நிற்கும்; மற்றக் காய்களை எங்கே நிறுத்துவது என்பதை ஆடுபவர்களே முடிவுசெய்வார்கள். தாயம் ஆட உட்காரும் முன், வெட்டினால்தான் உள்ளே போகலாமா என்று கேட்டுத் தெளிந்துகொள்ளும் நம் ஊர்ப் பழக்கத்தைப் போல, சதுரங்கமும் எதிரே இருப்பவரின் வழக்கத்தைக் கேட்டறிந்து ஆட வேண்டிய ஆட்டமாகவே நெடுங்காலம் இருந்தது.

இந்தியாவிலேயே இதற்கு வலுவான சான்று இருக்கிறது. ஐரோப்பிய விதி இங்கே நிலைபெறுவதற்கு முன் ஆடப்பட்ட இந்தியமுறைச் சதுரங்கத்தில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். இன்றுள்ளது போலக் கோட்டை கட்டும் வழக்கம் கிடையாது. அதற்குப் பதிலாக ராஜா ஆட்டத்தில் ஒரு முறை குதிரையைப் போலத் தாவலாம். பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான் இந்த முறையில் வளர்ந்தவர். ஐரோப்பிய விதியை இளைஞரான பிறகே கற்றார். 1929-ல் இங்கிலாந்து போன அவர் அதே ஆண்டு பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932-லும் 1933-லும் மீண்டும் வென்றார். 1930–31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலக சாம்பியன் கபபிளாங்காவைத் தோற்கடித்தார். தொடக்க நகர்வுகளைப் பற்றிய நூலறிவில் அவர் பின்தங்கியிருந்தார் என்பதை அவரோடு ஆடியவர்களே பதிவுசெய்திருக்கிறார்கள். ஆனால் நிலையைப் படிக்கும் கண், பொறுமை, இறுதியாட்டத்தில் சிறு அனுகூலத்தை வெற்றியாக்கும் திறன் ஆகியவை வேறு விதியில் பயின்று வந்தவை. விதி மாறியபோது அவை காணாமல் போகவில்லை. 2024-ல் உலகச் சதுரங்க அமைப்பான ஃபிடே அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது. உள்ளூர் விதியில் ஆடுவது தரக்குறைவான ஆட்டம் என்ற கருத்துக்கு அவருடைய வாழ்க்கையே மறுப்பு.

அப்படியானால் ஒரே விதி ஏன் வந்தது? வர வேண்டிய தேவை இருந்ததால் வந்தது. 1851-ல் லண்டனில் முதல் சர்வதேசப் போட்டி நடந்தபோது வெவ்வேறு நாட்டவர் ஒரே அறையில் உட்கார்ந்து ஆடினார்கள். மொழி புரியாத இருவர், ஊர் வழக்கத்தை விசாரித்துக்கொண்டிருக்க முடியாது. பரிசுப் பணம் இருக்கிறது, வென்றவர் யார் என்பதில் தகராறு வரக்கூடாது. 1924-ல் பாரிசில் ஃபிடே தொடங்கப்பட்டது. 1970-ல் அது எலோ தரப்புள்ளி முறையை ஏற்றது. இருவர் தங்களுக்குள் ஆடாமலேயே ஒருவரின் பலத்தை இன்னொருவரோடு ஒப்பிடும் முறை அது. எல்லாரும் ஆடுவது ஒரே ஆட்டமாக இருந்தால்தான் அந்த ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு. ஆக, சீரான விதி என்பது அந்நியர்களுக்கிடையே நம்பிக்கையை உண்டாக்கும் ஏற்பாடு. அதன் நன்மைகளைக் குறைத்துப் பேச இடமில்லை. அதே சமயம் அதற்கு ஒரு விலையும் கொடுத்திருக்கிறோம். ஒரே தொடக்க நிலையை ஒன்றரை நூற்றாண்டு ஆராய்ந்ததில், உச்சநிலை ஆட்டங்களின் முதற்பகுதி மனப்பாடமாகிவிட்டது. 2018 உலக சாம்பியன் போட்டியில் மேக்னஸ் கார்ல்சனும் ஃபேபியானோ கருவானாவும் நீண்ட நேர முறையில் ஆடிய 12 ஆட்டங்களும் டிராவில் முடிந்தன. விதியில் மாற்றம் வேண்டும் என்ற குரல் ஆட்டத்தின் உச்சியிலிருந்தே எழுவதற்கு இந்த நிலைமையே காரணம்.

ஷோகியின் வரலாறு இதே கதையை வேறு வடிவில் சொல்கிறது. நாராவின் கோஃபுகுஜி கோயில் வளாகத்தில், 1058-ஆம் ஆண்டைக் குறிக்கும் மரச்சீட்டோடு சேர்ந்து பழைய ஷோகிக் காய்கள் தோண்டியெடுக்கப்பட்டன. அதற்குப் பிந்தைய நூற்றாண்டுகளில் ஜப்பானில் ஒரு ஷோகி அல்ல, ஒரு கூட்டமே இருந்தது. 12×12 பலகையில் பக்கத்துக்கு 46 காய்களோடு சூ ஷோகி, 15×15 பலகையில் 65 காய்களோடு டாய் ஷோகி, இன்னும் பெரியவை என்று அளவு ஏறிக்கொண்டே போய் 36×36 பலகையில் மொத்தம் 804 காய்கள் கொண்ட டாய்கியோகு ஷோகி வரை போனது. இவற்றுள் சூ ஷோகி பல நூற்றாண்டுகள் உண்மையிலேயே விரும்பி ஆடப்பட்டது. மிகப் பெரியவை காகிதத்தில் வாழ்ந்த அளவுக்குப் பலகையில் வாழ்ந்திருக்க வாய்ப்பில்லை. இறுதியில் நிலைத்தது 81 கட்டமும் பக்கத்துக்கு 20 காயும் கொண்ட சிறிய வடிவம்தான். அது வென்றதற்கு முக்கியக் காரணம், வெட்டிய எதிரிக் காயைத் தன் காயாகப் பலகையில் இறக்கலாம் என்ற புதுமை. செஸ்ஸில் ஆட்டம் போகப் போகப் பலகை காலியாகும். ஷோகியில் காய்களின் மொத்தப் படை குறைவதே இல்லை, கைதான் மாறுகிறது. அதனால் முடிவில்லாத ஆட்டம் அரிது. ஒரே நிலை நான்கு முறை வந்துவிட்டால்கூடத் தொழில்முறைப் போட்டிகளில் பக்கம் மாற்றி மீண்டும் ஆடுகிறார்கள். இன்று நாம் ஷோகி என்று அழைப்பதே ஒரு காலத்தின் மாற்று ஆட்டம் என்பதைக் கவனிக்க வேண்டும். யாரோ சிலர் விதியை மாற்றி ஆடிப் பார்க்காமல் இருந்திருந்தால் அது பிறந்திருக்காது.

இணையம் வந்தபோது முதலில் வலுப்பெற்றது சீரான விதிதான். 1992-ல் தொடங்கிய முதல் இணையச் செஸ் சர்வரிலிருந்து இன்றைய பெருந்தளங்கள் வரை, அவற்றின் மையமான வசதி எதிராளியைத் தேடித்தருவது. பொத்தானை அழுத்தினால் உலகின் ஏதோ ஒரு மூலையில் நம் தரப்புள்ளிக்கு நெருக்கமான ஒருவர் சில நொடிகளில் எதிரே வருகிறார். இந்த ஏற்பாடு வேலைசெய்ய வேண்டுமானால் ஒரே ஆட்டத்தை ஒரே நேரத்தில் ஆட ஏராளமானோர் காத்திருக்க வேண்டும். வழக்கமான செஸ்ஸுக்கு அந்தக் கூட்டம் எப்போதும் இருக்கிறது. கிரேசிஹவுஸ் போன்ற சிலவற்றுக்கும் ஓரளவு இருக்கிறது. ஆனால் சூ ஷோகிக்கோ, ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் நகர்ந்த காய் புரண்டு வேறு காயாகும் கியோட்டோ ஷோகிக்கோ, கபபிளாங்கா முன்மொழிந்த 10×8 பலகைச் செஸ்ஸுக்கோ அப்படிக் கூட்டம் சேராது. அரிதான ஆட்டத்தைத் தேடிப்போகிறவருக்குக் காத்திருப்போர் பட்டியல் பயன்படாது. சம்மதம் சொல்லும் ஒரு நண்பர்தான் வேண்டும். சூ ஷோகி ஆட்டம் ஒன்று நாட்கணக்கில் நீளலாம். லிசெஸ்ஸின் கடித முறையைப் போல ஒரு நகர்வுக்கு 1 நாள் முதல் 14 நாள் வரை அவகாசம் வைத்து ஆடும் ஏற்பாடு இதற்குப் பொருந்தும். அத்தனை நாள் ஒரே ஆட்டத்தோடு இருக்க, எதிரே இருப்பவரை நம்ப வேண்டும். ஆகவே மாற்று ஆட்டமும் நட்பும் சேர்ந்திருப்பது தற்செயல் அன்று. ஆட்டம் எவ்வளவு அரிதோ அவ்வளவுக்கு அது முகம் தெரிந்த ஒருவரைச் சார்ந்து நிற்கிறது.

சரி, நண்பர்கள் இருவருக்கு நேரில் ஒரு பலகை போதாதா, கணினி எதற்கு? மாற்று ஆட்டங்களுக்குக் கணினி செய்யும் வேலை, வழக்கமான செஸ்ஸுக்கு அது செய்யும் வேலையைவிடப் பெரியது. 1899-ல் ஹென்றி மைக்கேல் டெம்பிள் உருவாக்கிய கிரீக்ஷ்பீலில் ஒவ்வொருவருக்கும் தன் காய்கள் மட்டுமே தெரியும். நேரில் ஆட மூன்று பலகையும், இரண்டு பக்கத்தையும் பார்த்துத் தகவல் சொல்லும் ஒரு நடுவரும் தேவை. சர்வர் நடுவராகிவிட்டால் மூன்றாம் ஆள் வேண்டாம். அட்டாமிக் செஸ்ஸில் ஒரு காயை வெட்டினால் வெட்டிய காயும் வெட்டுப்பட்ட காயும் மட்டுமல்லாமல், சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் சிப்பாய் அல்லாத எல்லாமும் அழிந்துபோகும். மனிதக் கண் எளிதில் தவறவிடும் கணக்கு அது. சூ ஷோகியின் சிங்கம் என்ற காய் ஒரே முறையில் இரண்டு அடி வைக்கும், இரண்டு காய்களை வெட்டும், நின்ற இடத்திலிருந்தபடியே பக்கத்துக் காயை வெட்டிவிட்டுத் திரும்பும். ஒட்டி நில்லாத, காவலோடு இருக்கும் எதிரிச் சிங்கத்தைச் சிங்கத்தால் வெட்டுவதற்குத் தடைகளும் அவற்றுக்கு விலக்குகளும் உண்டு. புதிதாகக் கற்பவர்கள் இதை நேரில் ஆடினால் பாதி நேரம் விதியைப் பற்றிய சந்தேகத்திலேயே போகும். கபபிளாங்கா செஸ்ஸுக்கு வேண்டிய காய்கள் கடையில் கிடைப்பது கடினம். ஷோகிக் காய்களில் எழுதியிருக்கும் ஜப்பானிய எழுத்து தடையாக இருப்பவர்களுக்குப் படக்குறி கொண்ட காய்களைத் தளங்கள் தருகின்றன. இப்படி, மாற்று ஆட்டத்துக்குள் நுழைய முன்பு தேவைப்பட்ட பொருளும் ஆளும் மொழியறிவும் ஒரே நேரத்தில் தேவையற்றுப் போயிருக்கின்றன.

நண்பர்களுக்கு இதில் இன்னொரு முக்கியமான பயன் உண்டு. நட்பு சம பலத்தைப் பார்த்து உண்டாவதில்லை. எலோ கணக்கின்படி, 400 புள்ளி வித்தியாசம் உள்ள இருவர் ஆடினால் பலமானவர் பெறக்கூடிய பங்கு ஏறக்குறைய 91 விழுக்காடு. பத்து ஆட்டத்தில் ஒன்பது தோற்கும் நண்பருக்கு நாளடைவில் ஆர்வம் குன்றும், வெல்பவருக்கும் அப்படியே. ஷோகி மரபு இதற்கு முறையான தீர்வை வைத்திருக்கிறது. பலமானவர் தன் ஈட்டியையோ, மந்திரிக்கு நிகரான காயையோ, யானைக்கு நிகரான காயையோ, அவை இரண்டையுமோ எடுத்துவிட்டு ஆடுவார். வித்தியாசம் மிகுந்தால் பத்துக் காய் வரை எடுப்பதும் உண்டு. ஈடாக அவரே முதல் நகர்வைச் செய்வார். ஜப்பானில் இதை இழிவாக யாரும் கருதுவதில்லை. தொழில்முறை ஆட்டக்காரர் பயில்பவருக்குக் கற்பிப்பதே பெரும்பாலும் இந்த முறையில்தான். செஸ் 960 இன்னொரு வழி. 1996-ல் புவனோஸ் ஐரிஸில் பாபி ஃபிஷர் அறிவித்த இந்த ஆட்டத்தில் பின்வரிசை குலுக்கலில் அமைகிறது. மந்திரிகள் எதிரெதிர் நிறக் கட்டங்களிலும், ராஜா இரு யானைகளுக்கு நடுவிலும் இருக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைக்கு உட்பட்டு 960 தொடக்க நிலைகள் சாத்தியம். மனப்பாடம் செய்த தொடக்க நகர்வுகள் இங்கே எடுபடா. 2019-ல் ஃபிடே அங்கீகாரத்துடன் நடந்த முதல் உலகப் போட்டியின் இறுதியில் வெஸ்லி ஸோ, அன்றைய உலக சாம்பியன் கார்ல்சனை 13.5–2.5 என்ற புள்ளிக்கணக்கில் வென்றார். மாற்று விதி திறமையை ஒழித்துவிடுவதில்லை. ஸோவும் உலகின் தலைசிறந்தவர்களில் ஒருவர்தான். ஆனால் வழக்கமான ஆட்டத்தில் இறுகிப்போன வரிசையை அது கலைத்துப் பார்க்கிறது. இரண்டு நண்பர்களுக்கிடையிலும் அதுதான் நடக்கும். இருவருமே அறியாத ஆட்டத்தில் பலமானவருக்குக் கணக்கிடும் திறன் மிஞ்சும், சேர்த்துவைத்த பாடம் மிஞ்சாது.

இதற்கு எழும் முதல் மறுப்பு, மாற்று ஆட்டங்கள் ஆழமற்றவை என்பது. நூற்றாண்டுகளாகச் செதுக்கப்பட்ட சமநிலை செஸ்ஸுக்கு உண்டு, எவரோ ஓர் இரவில் யோசித்த விதிக்கு அது எப்படி வரும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். டேவிட் பிரிட்சர்டின் 1994-ஆம் ஆண்டுக் கலைக்களஞ்சியம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றுச் செஸ் வடிவங்களைத் தொகுத்திருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை மறக்கப்பட்டதில் வியப்பில்லை. ஆனால் ஆழம் வழக்கமான விதிக்கு மட்டுமே உரியது என்று கொள்ளச் சான்று இல்லை. முன்னாள் உலக சாம்பியன் விளாதிமிர் கிராம்னிக்கும் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்டின் ஆய்வாளர்களும் 2020-ல் வெளியிட்ட ஆய்வில் 9 மாற்று விதிகளை எடுத்துக்கொண்டார்கள். கோட்டை கட்டத் தடை, சிப்பாய்க்கு ஒரே கட்டம், தன் காயைத் தானே வெட்டும் உரிமை என்பவை அவற்றுள் சில. அந்நிறுவனத்தின் ஆல்ஃபாஸீரோ நிரல் ஒவ்வொரு விதியிலும் தனக்குத்தானே ஆடிப் புதிதாகக் கற்றது. விதிக்கேற்பக் காய்களின் மதிப்பு மாறியது, தொடக்க உத்திகள் மாறின, ஆட்டத்தின் செழுமை பல விதிகளில் குன்றவில்லை. கோட்டை கட்டாத செஸ்ஸுக்கான முதல் போட்டி 2020 ஜனவரியில் சென்னையில் நடந்தது. அதில் 89 விழுக்காடு ஆட்டங்களில் வெற்றி தோல்வி முடிவானது. ஒரே போட்டியை வைத்துப் பொதுவிதி வகுத்துவிட முடியாது என்றாலும் அது கவனிக்கத்தக்க தொடக்கம். 2021-ல் டார்ட்மண்டில் விஸ்வநாதன் ஆனந்தும் கிராம்னிக்கும் இதே விதியில் நான்கு ஆட்டம் ஆடினார்கள், ஆனந்த் 2.5–1.5 என வென்றார். உலகின் உச்சத்தில் இருந்தவர்கள் பொழுதை வீணாக்கவா அங்கே உட்கார்ந்தார்கள்?

இரண்டாம் மறுப்பு இன்னும் கூர்மையானது. சில மாற்று ஆட்டங்கள் ஒரு பக்கம் சாய்ந்தவை, சில ஏற்கெனவே தீர்க்கப்பட்டுவிட்டன. ஆன்டிசெஸ்ஸில் வெள்ளை ராஜாவுக்கு முன்னுள்ள சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தித் தொடங்கினால் வெள்ளையே வெல்லும் என்பதை 2016-ல் மார்க் வாட்கின்ஸ் கணினி வழியே நிறுவினார். குழந்தைகளுக்காக 2008-ல் கிடாவோ மதோகா வடிவமைத்த, 3×4 கட்டங்களில் ஆடும் விலங்கு ஷோகியை அடுத்த ஆண்டே டனாகா டெட்சுரோ தீர்த்தார். இருவரும் பிழையின்றி ஆடினால் இரண்டாவதாக ஆடுபவர் 78-ஆவது நகர்வில் வெல்வார். இந்த முடிவுகள் உண்மை. ஆனால் இவற்றின் பாதிப்பு யாரைச் சேரும் என்று பார்க்க வேண்டும். பரிசுப் போட்டியில் தீர்வை மனப்பாடம் செய்துவந்த ஒருவர் அநியாயமாக வெல்லலாம். நண்பர்கள் பக்கத்தை மாற்றி மாற்றி ஆடலாம், குறிப்பிட்ட முதல் நகர்வைத் தவிர்ப்பதென்று பேசிக்கொள்ளலாம், சலித்தால் வேறு ஆட்டத்துக்குப் போகலாம். அந்நியர்களுக்கு விதியை மாற்ற ஒரு குழுவும் கூட்டமும் தீர்மானமும் வேண்டும். நண்பர்களுக்கு ஒரு வாக்கியம் போதும். சமநிலை குலைந்த விதியைத் தாங்கிக்கொண்டு திருத்தும் ஆற்றல் நட்புக்கு உண்டு என்பதால், இந்த மறுப்பு என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது.

மூன்றாவது, ஏமாற்று. கணினி நிரலின் உதவியோடு ஆடுவது இணையச் செஸ்ஸின் பெரும் நோய். மாற்று ஆட்டங்களுக்கு வலுவான நிரல் இல்லை என்ற பாதுகாப்பும் இன்று இல்லை. ஃபேபியான் ஃபிக்டர் உருவாக்கிய ஃபேரி-ஸ்டாக்ஃபிஷ் என்ற நிரல், ஷோகி, சீனாவின் சியாங்சி, தாய்லாந்தின் மக்ருக் தொடங்கிப் பல்வேறு சதுரங்க வடிவங்களில் மனிதரைவிட வலுவாக ஆடக்கூடியது; பைசெஸ் போன்ற தளங்கள் அதைக் கொண்டே இயங்குகின்றன. ஆனால் ஏமாற்றுவதற்குத் தூண்டுவது தரப்புள்ளியும் பரிசும்தான். தரவரிசையில் சேராத நட்பு ஆட்டத்தில் இவை இரண்டும் இல்லை. அங்கே நிரலை வைத்து வென்றவர் பெறுவது எதுவும் இல்லை, இழப்பது நண்பரின் மதிப்பு. அதே நிரலை ஆட்டம் முடிந்த பின் இருவரும் சேர்ந்து பயன்படுத்தினால் அது ஆசிரியராகிறது. பாடநூல் கிடைக்காத மாற்று ஆட்டத்தில் தவறு எங்கே நேர்ந்தது என்று காட்ட அதைவிட நல்ல துணை கிடையாது. கருவி ஒன்றுதான். அது நோயாவதும் துணையாவதும் ஆடுபவர்களின் உறவைப் பொறுத்தது.

நான்காவது மறுப்பே எனக்கு மிகக் கனமாகப் படுகிறது. விதியைப் பேசி முடிவுசெய்யும் பழைய வழக்கம் திரும்புகிறது என்கிறீர்கள். ஆனால் இணையதளத்தில் நண்பர்கள் எதையும் பேசுவதில்லை, யாரோ நிரலாக்கிவைத்த பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவ்வளவுதான் அல்லவா? செல்லாத நகர்வைத் தளம் ஏற்க மறுப்பதால் விதியைப் புரிந்துகொள்ளாமலேயே ஆடிவிடலாம். வரலாற்றில் வேறுபட்ட வழக்கங்கள் இருந்த இடத்தில், நிரலாளர் தேர்ந்த ஒன்று மட்டும் நிலைத்துவிடும் ஆபத்தும் உண்டு. சூ ஷோகியில் சிங்கம் பற்றிய விதிகளையும், ஒரே நிலை திரும்பத் திரும்ப வருவதற்கான விதியையும் எல்லாரும் ஒரே மாதிரி விளக்கவில்லை. சர்வர் அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டாக வேண்டும். எடுத்ததும் அதுவே புதிய சீர்மையாகிவிடும். இதை மறுக்க முடியாது. ஆனால் இது மாற்ற முடியாத நிலைமையும் அன்று. லிசெஸ்ஸின் மூலநிரல் எல்லாருக்கும் திறந்திருப்பதால்தான் அதிலிருந்து லிஷோகி பிறந்தது. ஃபேரி-ஸ்டாக்ஃபிஷில் காய்களின் நகர்வையும் பலகையின் அளவையும் ஓர் எளிய உரைக்கோப்பில் எழுதிப் புதிய ஆட்டத்தை உருவாக்கலாம். அதற்கு நிரலாளராக இருக்கத் தேவையில்லை. திறந்த நிரல் என்பது இங்கே வெறும் உரிமக் கோட்பாடு அன்று. விதியைத் திருத்தும் அதிகாரம் ஆடுபவர்களின் கையில் இருக்குமா, தளத்தின் கையில் இருக்குமா என்பதை முடிவுசெய்வதே அதுதான். மூடிய தளத்தில் நண்பர்கள் வாடிக்கையாளர்கள். திறந்த நிரலில் அவர்கள் விதியாளர்களாகலாம்.

இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் கேட்கலாம்: ஓர் ஆட்டத்தையே வாழ்நாளில் கற்றுமுடிக்க முடியாது, பத்து ஆட்டத்தில் கால் வைப்பதால் என்ன பயன்? தாவிக்கொண்டே இருப்பது எதையும் தராது என்பது சரி. ஆகவே நண்பர்கள் ஒரு மாற்று ஆட்டத்தை எடுத்தால் அதோடு சில மாதம் தங்க வேண்டும். அப்படித் தங்கும்போது வழக்கமான செஸ் இன்று தர முடியாத ஓர் அனுபவம் கிடைக்கும். செஸ்ஸில் எந்தத் தொடக்க நகர்வைக் கண்டுபிடித்தாலும் அதை யாரோ முன்பே எழுதிவைத்திருப்பார்கள். அரிதான ஆட்டத்தில், எந்தக் காயை முதலில் முன்னேற்றுவது, சிங்கத்துக்கு ஈடாக எவற்றைக் கொடுக்கலாம் என்பவற்றை இருவரும் தங்கள் ஆட்டங்களிலிருந்தே கண்டறிய வேண்டியிருக்கிறது. ஒருவர் கண்ட உத்தியை மற்றவர் அடுத்த ஆட்டத்தில் உடைக்கிறார். உடைத்ததை முதலாமவர் திருத்துகிறார். எதிராளியாக இருப்பவரே சக ஆய்வாளராகவும் இருக்கிறார். இணையத்தில் பிறந்த இத்தகைய உறவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் போலந்தின் கரோலினா ஸ்டிச்சின்ஸ்கா சான்று. மாங்கா என்னும் ஜப்பானியச் சித்திரக்கதையொன்றில் ஷோகியைக் கண்டு, இணையத்தில் ஆடியே வளர்ந்தவர் அவர். விலங்கு ஷோகியை வடிவமைத்த அதே கிடாவோ மதோகாதான் அவரது திறமையைக் கண்டு ஜப்பானுக்கு அழைத்தார். 2017-ல் ஜப்பான் ஷோகிச் சங்கத்தின் பெண்கள் தொழில்முறைத் தகுதியைப் பெற்ற முதல் வெளிநாட்டவர் ஆனார். தன் நாட்டில் எதிராளி கிடைக்காத ஓர் ஆட்டத்தை இணையம் அவருக்கு உயிருள்ளதாக்கியது.

இந்த வாதத்திலிருந்து சில நடைமுறை முடிவுகள் வருகின்றன. தளம் நடத்துபவர்கள் ஒவ்வொரு மாற்று ஆட்டத்துக்கும் தாங்கள் தேர்ந்த விதி எது, விட்டுவிட்ட வழக்கம் எது என்பதைத் தெளிவாக எழுதிவைக்க வேண்டும். நண்பர்கள் தங்கள் விருப்பப்படி விதியைத் திருத்திக்கொள்ள வழி விட வேண்டும். ஷோகி மரபில் உள்ள காய் விட்டுக்கொடுக்கும் முறையைச் செஸ் தளங்களும் முன்னிறுத்தினால், பலத்தில் வேறுபட்ட நண்பர்கள் நெடுநாள் சேர்ந்து ஆடுவார்கள். ஆடுபவர்கள் பட்டியலில் ஒன்றைத் தொட்டுவிட்டு உடனே தொடங்காமல், விதியை முழுதாகப் படித்து, சந்தேகமானவற்றைப் பேசித் தெளிந்து, பக்கம் மாற்றுவது, விட்டுக்கொடுப்பது, நேர அளவு ஆகியவற்றை ஒத்துக்கொண்டு தொடங்க வேண்டும். அந்தப் பேச்சு ஆட்டத்துக்கு முன்னுள்ள தாமதம் அன்று. அதுவே ஆட்டத்தின் முதற்பகுதி. சீரான விதி, உலகில் எவரோடும் எதிரே உட்காரும் தகுதியை நமக்குத் தந்தது. அதைக் காப்பது போட்டிகளின் கடமை. நண்பரோடு ஆடும்போது அதற்கும் மேலான ஓர் உரிமை நமக்கு இருக்கிறது. சதுரங்கத்தை ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக வளர்த்தெடுத்ததே, கிடைத்த விதியை மாற்றி ஆடிப் பார்த்தவர்கள் பயன்படுத்திய அந்த உரிமைதான். அதைப் பயன்படுத்த இன்று தேவைப்படுவது ஓர் இணைய இணைப்பும், சரி என்று சொல்லும் ஒரு நண்பரும் மட்டுமே.